கால் வைக்காத நிலம்

பிப்ரவரி 4

அன்பு நாத்தனாருக்கு,

உன் ஒரே அண்ணி எழுதுகிறேன். இன்னொரு அண்ணி இருந்திருந்தால் அவள் நல்ல கையெழுத்தில் எழுதியிருப்பாள். உனக்கு வாய்த்தது கோழி கிளறிய எழுத்துதான். நானும் உன் அண்ணனும் சுகம். மாடு மூன்றும் உயிரோடு இருக்கின்றன, சுகம் என்று சொல்ல முடியாது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு முழங்காலை யாரிடமும் காட்டாமல் இருப்பது, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டினி கிடக்கிற மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். நான் நிலத்தில் இறங்கிவிட்டேன்.

எந்த நிலம் என்று கேட்காதே. உங்கள் அப்பா உனக்கும் உன் அண்ணனுக்கும் பொதுவாக விட்டுப் போனாரே, அதுதான். அவர் போன பிறகு, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் உன் அண்ணன், "வேற வீட்டுக்குப் போனவளுக்கு இந்த மண்ணுல என்ன பேச்சு?" என்று கேட்டார். நீ, "நீயா வந்து கூப்பிடுற வரைக்கும் இந்த மண்ணுல கால் வைக்க மாட்டேன்" என்றாய். அது சபதம், புரிகிறது. உடனே இவரும், "அவளா வந்து கேக்குற வரைக்கும் நானும் வைக்க மாட்டேன்" என்றார். சொந்த நிலத்தில் தானே கால் வைக்க மாட்டேன் என்று கோபித்துக்கொண்ட முதல் ஆள் இவராகத்தான் இருக்கும்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு பேரும் சொன்ன சொல் தவறாதவர்கள். அதில் முள்ளுக்குத்தான் கொண்டாட்டம். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, அதன் மேல் கொடி ஏறி, உள்ளே பாம்புகள் குடித்தனம் நடத்துகின்றன. வாடகை கேட்க ஆளில்லை.

நான் சபதம் எதுவும் போடவில்லை. நீங்கள் கத்திக்கொண்டிருந்தபோது நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அதனால் நேற்றுக் காலையில் அரிவாளையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். தீவன லாரி நினைத்தால் வருகிறது, இல்லாவிட்டால் இல்லை. வராத நாளில் மாடு மூன்றும் என் முகத்தையே பார்க்கின்றன. என் முகத்தில் புல்லா முளைத்திருக்கிறது? சொந்தப் புல்லை வளர்த்து, வெட்டிக் காயவைத்து, வருஷம் தாங்குகிற மாதிரி ஒரு புல் போர் போட வேண்டும். அதுதான் திட்டம்.

போனில் சொல்லலாம்தான். உன் அண்ணன் பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அனுமதி கேட்டு எழுதவில்லை. தகவல் சொல்கிறேன்.

கை நிறையக் கொப்புளத்துடன்,
உன் அண்ணி

*

பிப்ரவரி 23

அண்ணிக்கு வணக்கம்.

இங்கே அனைவரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வேலை அதிகம். எல்லா வார்டுகளின் படுக்கை விரிப்புகளும் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வருகின்றன. கொதிநீரில் போட்டு எடுத்து, காயவைத்து, மடித்து அனுப்பும்வரை என் பொறுப்பு. உட்கார நேரமில்லை.

நீங்கள் நிலத்தில் இறங்கியதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். செங்கல் சூளை வைத்திருப்பவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருக்கு அந்த மண் வேண்டுமாம். வருஷக் கடைசியில் என் பாதியைப் பிரித்து அவருக்கு விற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் ஆள் ஆழத்துக்குத் தோண்டி எடுப்பார். அதற்குப் பிறகு அங்கே எதுவும் விளையாது. மீதிப் பாதியும் மழைக்குச் சரிந்துகொண்டே போகும். தெரிந்துதான் சொன்னேன். யாருக்கும் உதவாத காடாகக் கிடப்பதற்கு, யார் வீட்டுச் சுவராகவாவது நிற்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

மேற்கு மூலையில் இருக்கும் முள்ளை அரிவாளால் வெட்டாதீர்கள். வெட்டினால் ஒன்று நான்காகத் துளிர்க்கும். வேரோடு தோண்ட வேண்டும். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாத்தனார்

*

மார்ச் 20

விற்கப்போகிற நிலத்து முள்ளுக்கு வைத்தியம் சொல்லும் நாத்தனாருக்கு,

அண்ணியின் ஆசிகள். நாங்கள் சுகம். நீ சொன்ன மாதிரி கையில் துணி சுற்றிக்கொண்டேன். முள்ளுக்குத் துணி என்றால் ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது, நன்றாகக் கோத்துக்கொள்கிறது.

செங்கல்காரர் சமாச்சாரத்தை உன் அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அவ பாதி, அவ இஷ்டம்" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து தன் வெல்டிங் பட்டறைக்குப் போய், ஏற்கெனவே பற்றவைத்து முடித்த ஒரு கேட்டை மறுபடியும் பற்றவைத்தார். கேட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதைத் திறக்க முடியலையே" என்று நிற்கிறார்.

நான் நிறுத்தப்போவதில்லை. வருஷக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு போர் போட்டுவிட்டால் என் மாடுகளுக்காவது மிச்சம்.

வேலை எப்படி நடக்கிறது என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். தனி ஆளாக வெட்டினால் என் ஆயுசு போதாது என்று தெரிந்துவிட்டது. ஆடு மேய்க்கும் தாடிக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்கும் தாடி, ஆடுகளுக்கும் தாடி. தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரை மேய்க்கிறார்கள் என்றே தெரியாது. மந்தையை உள்ளே விட்டு, ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதிக்குக் கயிற்றை மாற்றிக் கட்டினோம். இலை, கொடி, இளங்கிளை, என் முந்தானை எல்லாவற்றையும் தின்று முடித்தன. இப்போது வெறும் குச்சிகள் நிற்கின்றன. எந்த முள்ளுக்கு எங்கே வேர் என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கிறேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, எனக்கே தோன்றியது. சரி, நீ சொன்னாய்.

உன் அண்ணன் தினமும் பட்டறைக்குப் போகிற வழியில் வரப்பில் வந்து நிற்கிறார். செருப்பு நுனிகூட உள்ளே வராது. அங்கிருந்தே உத்தரவு.

"அந்தக் குத்துக்குப் பின்னால இன்னொண்ணு இருக்கு பாரு."

"இறங்கி வந்து காட்டுங்க."

"கண்ணு எதுக்கு இருக்கு உனக்கு?"

"கால் எதுக்கு இருக்கு உங்களுக்கு?"

தாடிக்காரர் அவருக்கு வரப்பு மன்னர் என்று பெயர் வைத்துவிட்டார். ஊர் முழுக்க அதே பெயர்தான். இவருக்கு மட்டும் தெரியாது.

முழங்காலைக் காட்டினாயா இல்லையா?

முந்தானையை இழந்த,
அண்ணி

*

மே 12

நாத்தனாருக்கு,

தபால்காரர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். பாவம், நீ எழுதாததற்கு அவர் என்ன செய்வார்? எழுதாவிட்டால் பரவாயில்லை, சுகமாக இரு. நாங்கள் சுகம்.

முள் முழுக்க வெளியே வந்துவிட்டது. வேர்களைக் குவித்து வைத்திருக்கிறேன், ஒரு வருஷ அடுப்புக்குக் காணும். நிலம் எவ்வளவு பெரியது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கல்யாணம் ஆகி வந்தபோது பார்த்தது, நடுவில் மறந்துபோயிருந்தது. அந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் இந்தக் கோடியில் கேட்கவில்லை. நான் கூப்பிட்டும் கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

உழுவதற்குப் பால் வண்டிக்காரர் தன் டிராக்டரைத் தருகிறேன் என்றார். நிலத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டும் போனார், ஓட்டத்தான் ஆள் இல்லை. உன் அண்ணன் இரண்டு நாள் முகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பட்டறையில் பழைய இரும்புக் குழாய்களை ஒட்டி நீளமாக ஒரு பலகை செய்தார். ஒரு முனையைச் சாலையில் வைத்து, மறு முனையை டிராக்டர் மேல் சாத்தி, சர்க்கஸ்காரன் மாதிரி கையை விரித்துக்கொண்டு நடந்துபோய் சீட்டில் உட்கார்ந்தார்.

"இது என்னங்க கணக்கு?" என்று கேட்டேன்.

"டிராக்டர் மேலதானே இருக்கேன். மண்ணுல கால் வெச்சேனா?"

"டயர் வெச்சிருக்கே."

"டயர் சபதம் போடலை."

நாள் முழுக்க உழுதார். இறங்கவே இல்லை. நான்தான் தண்ணீரை எட்டிக் கொடுத்தேன். நடுவில் அவசரம் வந்தபோது சாலைவரைக்கும் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய், பலகையைப் போட்டு இறங்கி, ஓடினார். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உழுத சால் ஒன்றுகூடக் கோணவில்லை.

கீழ்ப்பக்கம் முழுக்கக் கோரைப்புல். அதையும் சேர்த்து நன்றாகக் கொத்திவிட்டார். இனி அது தலையெடுக்காது.

வெயிலில் கருத்துப்போன,
அண்ணி

*

ஜூன் 2

அண்ணிக்கு,

நலம். எழுதத் தாமதமாகிவிட்டது.

கோரையை உழுதிருக்கக் கூடாது. அதற்கு மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. கலப்பை அதைக் கொத்தி, துண்டு துண்டாக நிலம் முழுக்கப் பரப்பும். ஒவ்வொரு துண்டும் முளைக்கும். ஒரு மழை பெய்யட்டும், பாருங்கள்.

இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். முதல் மழையில் முளைப்பதை எல்லாம் கையால் கிழங்கோடு பிடுங்குங்கள். பிறகு பயறும் தீவனப்புல்லும் கலந்து, வழக்கத்தைவிட இரண்டு பங்கு நெருக்கமாக விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. பயறு மூடிக்கொண்டால் அடியில் வெளுத்துச் செத்துவிடும். இடைவெளி விட்டால் அது ஜெயித்துவிடும்.

செங்கல்காரருக்குக் கொடுத்த வாக்கில் மாற்றம் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்தப் பலகை நடுவில் வளையவில்லையா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

நாத்தனார்

*

ஜூலை 28

கோரை வைத்தியருக்கு,

பலகை வளையவில்லை. அடியில் குறுக்குக் கம்பி கொடுத்திருக்கிறார். நீ கேட்டதாகச் சொல்லவில்லை. "யாரோ கேட்டாங்க" என்றேன். "யாரோவுக்குச் சொல்லு, குறுக்குக் கம்பின்னு" என்றார். சொல்லிவிட்டேன்.

நீ சொன்னது அப்படியே பலித்தது. முதல் மழைக்கு மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் நிலம் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. ஆகா என்று கிட்டே போனேன். அத்தனையும் கோரை. உழுவதற்கு முன்னால் கீழ்ப்பக்கம் மட்டும் இருந்த சனியன், இப்போது நிலம் முழுக்க. வரப்பு மன்னர் பார்த்தார், தொண்டையைச் செருமினார், பட்டறையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

பக்கத்து வீட்டு இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்து பிடுங்கினோம். கிழங்கு மண்ணிலேயே நின்றுவிடாமல் இழுக்க ஒரு பக்குவம் இருக்கிறது. ஈரம் காய்வதற்குள், அடியில் பிடித்து, மெதுவாக ஆட்டி இழுக்க வேண்டும். பல் பிடுங்குகிற மாதிரி. இப்போது நான் எந்த ஆஸ்பத்திரியில் வேண்டுமானாலும் பல் வைத்தியத்துக்குச் சேரலாம். உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்.

பிறகு விதைத்தோம், நீ சொன்ன நெருக்கத்தில். விதை கொடுத்தவர் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நெருக்கமா? வளர்ந்தா காத்துக்கூட உள்ள போகாதே" என்றார். "காத்துக்கு உள்ள என்ன வேலை?" என்று கேட்டேன்.

இப்போது பயறு முழங்கால் உயரம். நல்ல முழங்காலைச் சொல்கிறேன், உன்னுடையதை இல்லை. அதன் நடுவே புல் ஈட்டி ஈட்டியாக ஏறுகிறது. விலக்கிப் பார்த்தால் அடியில் கோரை வெளுத்துப்போய் நிற்கிறது, பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி. சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். போன வருஷம் அந்த இடம் வந்தால் ஜன்னலை மூடிக்கொண்டு போனவர்கள். நான் எதற்கென்று இல்லாமல் அந்த நேரத்துக்குச் சாலையோரமாகப் போய் நின்றுகொள்கிறேன். நீ இருந்தால் நீயும் நிற்பாய்.

தலை நிமிர்ந்து நடக்கும்,
அண்ணி

*

செப்டம்பர் 9

நாத்தனாருக்கு,

சுகம், சுகமா? உன் செங்கல்காரர் வந்திருந்தார். வரப்போகிறார் என்று நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சாலையில் காரை நிறுத்திவிட்டு, பயறை மிதித்துக்கொண்டு நேராக நடு நிலத்துக்குப் போனார். கைத்தடியால் குத்தி, மண்ணை எடுத்து, உள்ளங்கையில் உருட்டித் திரித்துப் பார்த்தார். நான் அரிவாளோடு போய் நின்றேன். உன் அண்ணன் வரப்பில்.

"யாருங்க?" என்றார் இவர்.

"செங்கல் சூளைங்க. உங்க தங்கச்சி சொல்லியிருப்பாங்களே."

"சொன்னா."

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, பேசலாம்."

"இங்கயே காது கேக்குது."

அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "போன தடவை பாத்தப்ப ஒரே முள்ளு, ஆழம் பாக்க முடியலைம்மா. இப்பத்தான் தெரியுது, அருமையான மண்ணு. நினைச்சதைவிட இன்னும் ஆழமாவே போகலாம். சுத்தம் பண்ணிக் கொடுத்தீங்களே, நல்லா இருப்பீங்க."

"நாங்க பெத்து வளர்ப்போம், நீங்க பேர் வைக்க வந்துருவீங்க" என்றேன். அதற்கும் சிரித்தார். மரியாதை தெரியாதவர் என்று சொல்ல முடியாது. நீ வாக்குக் கொடுத்தாய், அவர் நம்பி வந்தார்.

அவர் திரும்பிப் போகையில் மறுபடி பயறை மிதித்தார். "பாத்துப் போய்யா" என்று உன் அண்ணன் கத்தினார். அடுத்த நொடி இவர் வலது கால் வரப்பை விட்டு எழும்பியது. அப்படியே நின்றது, கொக்கு நிற்குமே அந்த மாதிரி. பிறகு பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேறு நாளாக இருந்தால் நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்கு வரவில்லை.

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு இந்த நிலத்தில் பங்கு இல்லை. கொப்புளத்தில் மட்டும்தான் பங்கு. இந்த மாதக் கடைசியில் வெட்டப்போகிறேன்.

அண்ணி

*

அக்டோபர் 6

நாத்தனாருக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா?

புல் வெட்டியாகிவிட்டது. மழை வருவதற்குள் போர் போட்டோம். விளைச்சல் பரவாயில்லை. மாடுகள் தின்கின்றன.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

அக்டோபர் 19

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். அதில் ஒரு கிண்டல்கூட இல்லை. என் முழங்காலைப் பற்றியும் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன ஆயிற்று?

பயறு கலந்த புல் மேலே காய்ந்த மாதிரி தெரியும், தண்டில் ஈரம் இருக்கும். ஒரு பிடி எடுத்து முறுக்கினால் ஒடிய வேண்டும். வளைந்தால் காயவில்லை. முறுக்கிப் பார்த்துத்தான் அடுக்கினீர்களா? சின்ன வயதில் போர்மேல் ஏறி மிதித்தது நான்தான். அதனால் கேட்கிறேன்.

யாருக்காவது அடிபட்டதா? ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்றே எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

நாத்தனார்

*

நவம்பர் 2

என் கிண்டலுக்கு ஏங்கிப்போன நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் படித்து, இந்தப் பெண்ணிடமா இவர் பத்து வருஷம் பேசாமல் இருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அடி யாருக்கும் இல்லை. என் வலது உள்ளங்கையில் ஒரு சூட்டுத் தழும்பு, அதுவும் ஆறிவிட்டது. நீ கேட்டுவிட்டாய், இனி மறைத்தால் அது பொய். எழுதாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

நான் முறுக்கிப் பார்க்கவில்லை. வெட்டிப் போட்டு இரண்டு நல்ல வெயில், அப்புறம் மேகம். நாங்கள் பெண்கள் எல்லாம் வாரிக் கட்டி அடுக்க ஆரம்பித்தோம். உன் அண்ணன் வரப்பிலிருந்து, "காயலை, பொறு" என்றார். "மழை பொறுக்குமா? அங்க நின்னு வானத்தைப் பாக்குறது சுலபம்" என்று அவர் வாயை அடைத்தேன். வீட்டைவிட உயரமாகப் போர் எழும்பியது. அதற்குமேல் மழைக்கு விரிப்பு. சாலையில் போன அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சில நாள் கழித்து ஒரு வாசனை வந்தது. வெல்லம் காய்ச்சுகிற மாதிரி, இனிப்பாக. என் புல்லுக்கு இப்படி ஒரு மணமா என்று பூரித்துப்போனேன். பால் வண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, "மோந்து பாருங்க, கடையில கிடைக்குமா இந்த வாசனை?" என்று கேட்டேன். அவரும் மூக்கை நீட்டி, பிரமாதம் என்றார். இரண்டு முட்டாள்களும் நின்று மோந்துகொண்டே இருந்தோம்.

அப்போது உன் அண்ணன் பட்டறைக்குப் போகிறவர் வரப்பில் நின்றார். காற்று அவர் பக்கம் அடித்தது. முகம் மாறிவிட்டது.

"இது புல்லு வாசனை இல்லை. சூட்டு வாசனை."

பட்டறைக்கு ஓடிப்போய் ஒரு நீளக் கம்பியைக் கொண்டுவந்து என்னிடம் எறிந்தார். நடுவில் குத்தி வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப உருவு" என்றார். உருவினேன். நுனியைத் தொட்டதும் உள்ளங்கை பொரிந்துவிட்டது. ஈரப்புல் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தானாகத் தீப்பிடித்திருக்கும்.

நான் கையை உதறிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். உன் அண்ணன் செருப்பைக் கழற்றி வரப்பில் ஜோடியாக வைத்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்வதைக் கேள். டயர் சபதம் போடவில்லை என்று சொன்ன மனுஷன். பலகை செய்த மனுஷன். செருப்போடு இறங்கிவிட்டு, செருப்புத்தான் மண்ணில் பட்டது, கால் படவில்லை என்று சொல்லியிருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேன். அவர் அதைக் கழற்றிவிட்டு இறங்கினார். நடக்கவில்லை, ஓடிவந்தார்.

அக்கம்பக்கத்தாரைத் தண்ணீரோடு நிற்கச் சொன்னார். ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போர்மேல் ஏறி, மேலிருந்து கவைக்கம்பால் வாரி வாரி எறிந்தார். நாங்கள் கீழே பரப்பினோம். நடுவில் புகையிலை நிறத்துக்குக் கறுத்திருந்தது, புகை வந்தது. அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் எடுத்தோம். கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிற்று. மீதி முழுக்கத் தப்பியது. வெயிலில் உலர்த்தி, இந்த முறை முறுக்கிப் பார்த்து, அவரே அடுக்கினார்.

முகமெல்லாம் கரியோடு, முழங்கால்வரை மண்ணோடு உட்கார்ந்திருந்தவர், "இதை அவளுக்கு எழுதாதே" என்றார்.

"ஏன், தோத்துட்டீங்கன்னு சிரிப்பாளா?"

"சிரிச்சாப் பரவாயில்லை. பாவம் பாத்து விக்காம விட்டுட்டான்னா?"

"விட்டா நல்லதுதானே?"

"நல்லதில்லை. நான் சபதத்தை விட்டதைக் காட்டி, அவகிட்ட ஒண்ணு வாங்கக் கூடாது. பேசுனது நான். நான்தான் போய்க் கூப்பிடணும். வரதும் வராததும் அவ இஷ்டம்."

அதனால்தான் போன கடிதம் அப்படி இருந்தது. இவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் பண்ணாமல் எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்று காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டார். எங்கே என்று கேட்டால், வெல்டிங் கம்பி வாங்க என்கிறார். வெல்டிங் கம்பி வாங்கப் போகிறவர் பைக்குள் ஒரு கட்டுப் புல்லை ஏன் திணித்தார் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதம் முந்துமோ, அவர் முந்துவாரோ தெரியாது.

முழங்காலைக் காட்டு. இப்போது திருப்தியா?

உன் பழைய,
அண்ணி

*

நவம்பர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன்தான் முந்தினார். உங்கள் கடிதம் நான்கு நாள் பின்னால் வந்தது.

சலவைக்கூடத்தின் பின்வாசலில் யாரோ நிற்பதாகக் காவல்காரர் வந்து சொன்னார். ரப்பர் பூட்ஸும் நனைந்த ஏப்ரனுமாகப் போனேன். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இளைத்திருக்கிறார். முதலில் அவர்தான், "மேல்பக்கம் தண்ணி எங்க தேங்கும், எங்க வடியும்னு உனக்குத்தான் தெரியும். எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்லை. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. கூப்பிடத்தான் வந்தேன். வா" என்றார். யாரோ எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில். பிறகு பையை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நான் விடவில்லை. தொழிலாளர் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன். பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்கள் யார் என்று கேட்டார்கள். என் அண்ணன் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை நாளாயிற்று.

போர் வெந்ததைப் பற்றியோ, தான் இறங்கியதைப் பற்றியோ அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் போன பிறகு புல்லைப் பிரித்துப் பார்த்தேன். பச்சைக்கு நடுவே பழுப்பேறிய இழைகள் இருந்தன. போர் சூடேறி, யாரோ காலத்தில் பிரித்திருக்கிறார்கள். நீங்களும் இரண்டு பெண்களும் மட்டும் அவ்வளவு பெரிய போரை அவ்வளவு வேகமாகப் பிரிக்க முடியாது. புரிந்துவிட்டது. அவர் சொல்லாததை நானும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளப்போவதில்லை. நீங்களும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

செங்கல்காரருக்கு, புல்லைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே, அண்ணன் வந்த அன்று மாலையே போன் செய்துவிட்டேன். "வாக்குக் கொடுத்தீங்களேம்மா" என்றார். "கொடுத்தது காட்டுக்கு. இப்ப அது காடு இல்லை" என்றேன். அவருக்கு வருத்தம்தான். வாக்குத் தவறியது நான் என்று ஒத்துக்கொண்டேன். இந்தக் குடும்பத்தில் இந்த வருஷம் அது சகஜம் போலிருக்கிறது.

லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். மேல்பக்கத்தில் வாய்க்கால் எடுக்காமல் அடுத்த விதைப்பு வேண்டாம். நான் வந்து காட்டுகிறேன். முழங்காலை டாக்டரிடம் காட்டினேன். மண்வெட்டி பிடிக்கலாமா என்று கேட்டதற்கு அவர் கூடாது என்றார். அவரைக் கேட்டது என் தப்பு.

இன்னொன்று. அந்தப் புல்லை என் அலமாரியில் வைத்திருந்தேன். இங்கே எப்போதும் சோடாவும் மருந்தும்தான் மணக்கும். மறுநாள் காலையில் கூடம் முழுக்க அந்த வாசனை. எங்கள் மேலாளர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து, "யாரு இங்க குப்பையைக் கொண்டுவந்து வெச்சது?" என்று கேட்டார். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காகவே சத்தமாகச் சொன்னேன்:

"குப்பை இல்லை சார். எங்க நிலத்துப் புல்லு."

அன்புடன்,
உங்கள் நாத்தனார்